துரை கொடுத்த கல்

பெரும்பாக்கத்திலிருந்து காலையில் மயிலாப்பூர்ப் பக்கம் வரும் பஸ் அடையாற்றுப் பாலத்தில் ஏறியதும் உள்ளே ஒரு வேடிக்கை நடக்கும். தூங்கி வழிகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள். செல்போனில் கவிழ்ந்திருந்த தலைகள் நிமிரும். முப்பது நாற்பது பேர் ஒரே பக்கமாகக் கழுத்தைத் திருப்புவார்கள். விவரம் தெரியாதவர்கள் அங்கே ஏதோ கோபுரம் இருக்கிறது போலிருக்கிறது, கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று குனிந்து பார்த்து ஏமாந்து போவார்கள். கம்பிவேலி, நாணல், உள்ளே நுழையாதீர் என்று ஒரு பலகை. அவ்வளவுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே படகுத்தோட்டம் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அதை இடித்துவிட்டு அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடி பிளாக்குகளுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாலம் இறங்கியதும் கழுத்துகள் நேராகிவிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம்.

அந்த பஸ்ஸில்தான் வசந்தியும் அவள் மகள் கயலும் வருவார்கள். வசந்திக்கு மயிலாப்பூரில் மூன்று வீட்டில் சமையல் வேலை. கயல் அங்கேயே ஒரு கல்லூரியில் வரலாறு எம்.ஏ. இரண்டாம் வருஷம். பெண் படிக்கிறாள் என்பதில் வசந்திக்குப் பெருமை உண்டு. ஆனால் இருபத்திரண்டு வயதாகியும் இன்னும் என்ன படிப்பு என்று கேட்பதற்கு அவர்கள் குடியிருக்கும் பிளாக்கில் ஆள் இல்லாமலா போய்விடும்? கேட்டார்கள். 'நம்ம படகுத்தோட்டத்தைப் பத்தி புக்கு எழுதுறா' என்பாள் வசந்தி. அதன் பிறகு கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். சிலர், எங்கள் வீட்டு முருங்கை மரத்தையும் எழுதச் சொல் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

புத்தகம் இல்லை, ஆய்வேடு. எம்.ஏ. முடிக்க எல்லோரும் கொடுப்பது. நூறு பக்கம், அட்டை போட்டு, கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி வைப்பார்கள். கயலின் ஆசையெல்லாம் அந்த ஒரு பிரதியின் மேல்தான். படகுத்தோட்டத்தில் இருந்த தெருவிளக்கு போயிற்று, மாரியம்மன் மேடை போயிற்று, அவள் எழுதப் படிக்கக் கற்ற பால்வாடி போயிற்று. நூலக அலமாரியில் ஓர் இரண்டு அங்குல இடமாவது படகுத்தோட்டத்துக்குக் கிடைக்க வேண்டும். அங்கிருந்து யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் ஒரு கல்லைப் பற்றியது. குடியிருப்பின் வாசலில், ஆற்றுக்குப் போகும் வழியில், ஆளுயரத்துக்கு நீளமான கருங்கல் ஒன்று கிடந்தது. ஒரு காலத்தில் ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவரைப் படகோட்டி ஒருவன் காப்பாற்றினானாம். துரை மனம் குளிர்ந்து, இந்தக் கரை உனக்கும் உன் வம்சத்துக்கும் என்று சொல்லி அடையாளமாக அந்தக் கல்லை நட்டாராம். கயலின் அப்பா பக்கிரி சொல்லிச் சொல்லி அவளுக்கு வரிவரியாகப் பாடம். அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் அவள் வாய்ப்பாடு படித்தாள். வீடுகளை இடித்த அன்று யந்திரத்தின் பற்களில் அது புரண்டு விழுந்ததையும் பார்த்தாள். அன்று வந்தவர்கள் கையில் வைத்திருந்த காகிதத்தில் 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று போட்டிருந்தது. பதின்மூன்று வயதுப் பெண் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அன்றிலிருந்து துரையின் கதை அவளுக்கு வெறும் கதையாக இல்லை. அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல அது ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

அப்பா சொன்னார் என்று ஆய்வேட்டில் எழுத முடியுமா? ஆதாரம் வேண்டுமே. தேடினாள், கிடைத்தது. 'கூவத்துக்குத் தெற்கே' என்று ஓர் இணையதளம். அதில் அதே துரை, அதே வெள்ளம், அதே கல். படித்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நம் கதை வெளியிலும் இருக்கிறதே என்று. அது போதாதென்று, அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வைதேகியே ஏழு வருஷத்துக்கு முன் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் அந்தக் கல் வருகிறது. வீட்டுப் பேச்சு ஒன்று, இணையதளம் ஒன்று, பேராசிரியர் கட்டுரை ஒன்று. மூன்று சாட்சி. கல்யாணத்துக்குக்கூட இரண்டு சாட்சி போதும்.

இந்த இடத்தில் ஒரு படிவம் குறுக்கே வந்தது.

பிள்ளைகள் இணையத்திலிருந்து கண்டதையும் எடுத்து ஒட்டுகிறார்கள் என்று அந்த வருஷம் துறையில் புதிய ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வோர் இணையப் பக்கத்துக்கும் நான்கு கட்டம் நிரப்பித் தர வேண்டும். எழுதியவர் யார், எப்போது எழுதியது, நீ எப்போது பார்த்தாய், எழுதியவருக்கு இது எப்படித் தெரியும். மற்ற மாணவர்கள் நாலாவது கட்டத்தில் 'இணையம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். கயலுக்கு அப்படி முடியவில்லை. அந்தப் பக்கத்தில் எழுதியவர் பெயரே இல்லை.

வைதேகியிடம் போய்க் கேட்டாள். வைதேகி மாட வீதிப் பக்கத்துக்காரர். கெட்டிக்காரர், நல்லவர், ஆனால் தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதில் கொஞ்சம் பிரியம் அதிகம். கெட்டிக்காரர்களுக்கு இருக்கிற வியாதிதான்.

"அது நல்ல சைட்டுதான்மா, நானே அதைப் பார்த்துதானே எழுதினேன்" என்றார் அவர். "பேரு இல்லேன்னா நிர்வாகின்னு போட்டுடு. பதினஞ்சு நாள்ல சப்மிட் பண்ணணும், இப்போ போயி இதை நோண்டிண்டு இருக்காதே."

கயல் சரியென்று வெளியே வந்தாள். படிக்கட்டு இறங்கும்போதுதான் உறைத்தது. மேடம் அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். அப்படியென்றால் சாட்சி மூன்றில்லை, இரண்டு.

அன்று மாலையே அந்த இணையதளத்துக்குக் கடிதம் போட்டாள். மறுநாளே பதில் வந்தது. நடத்துகிறவர் பெயர் சித்தார்த்தன். ஆதம்பாக்கத்து வாசி, கணினி வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பழைய சென்னையைச் சுற்றிக் காட்டுகிறவர். அடையாறில் ஒரு காபிக் கடையில் சந்தித்தார்கள். படகுத்தோட்டத்துப் பெண்ணே தன் பக்கத்தைப் படித்திருக்கிறாள் என்பதில் மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு காபி சொல்லிவிட்டு மூன்று வாங்கினார்.

இந்தக் கதைக்கு என்ன ஆதாரம் என்று கயல் கேட்டாள். அவர் மடிக்கணினியைத் திறந்து பக்கத்தின் அடியில் காட்டினார். வைதேகி மேடத்தின் கட்டுரை.

கயல் தேதிகளைப் பார்த்தாள். பக்கம் எழுதியது இரண்டாயிரத்துப் பதினாலு. கட்டுரை வந்தது பத்தொன்பது. பிள்ளை பிறந்து ஐந்து வருஷம் கழித்துத் தாய் பிறந்திருக்கிறாள்.

சித்தார்த்தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டுரையைப் பிற்பாடு சேர்த்ததாகவும், பேராசிரியர் பெயர் இருந்தால் பக்கத்துக்கு ஒரு கனம் வருமே என்று நினைத்ததாகவும் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதுவரைக்கும் நல்லது. முதலில் யார் சொன்னது என்றால், அந்த இடத்துக்காரர் ஒருவர்தானாம். நடைப்பயணம் போயிருந்தபோது கல்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு அப்படி அருமையாகச் சொன்னாராம். படம்கூட இருக்கிறது என்று தேடி எடுத்தார்.

கயல் படத்தைப் பார்த்தாள். வருஷக்கணக்காக அந்தக் கல்லின் ஒரு படத்துக்கு ஏங்கிக் கிடந்தவள். ஆற்றிலிருந்து சரியும் வெயில், கல்லின் மேல் பாதிக்கு விரித்துக் காயப்போட்ட அம்மாவின் ஊதா நிறச் சேலை, மீதிப் பாதியில் செருப்புக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, காக்கிச் சட்டையில், பட்டாபிஷேகம் ஆனவர் மாதிரி நிற்கும் ஆட்டோக்காரர். அவளுடைய அப்பா.

சாட்சி இரண்டுமில்லை, ஒன்று.

பக்கிரி அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்திருந்தபோது கயல் படத்தை நீட்டினாள். அவர் செல்போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். அப்போது எவ்வளவு முடி இருந்தது பார் என்றார். துரை கதை உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள் மகள். அவர் சோற்றைப் பிசைந்தார். தாத்தா சொன்னாரா? ரசத்தை ஊற்றிக்கொண்டார். அக்கம்பக்கத்தில் யாராவது? அப்பளம் இருக்கிறதா என்று கேட்டார்.

"நைனா, இத்த நான் காலேஜ்ல எழுதிக் குடுக்கப் போறேன். யாரு சொன்னது?"

பக்கிரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும் சொல்லல" என்றார். "அன்னிக்கு வந்தாங்கள்ல, கேமராலாம் மாட்டிக்கினு. அதுல ஒரு அம்மா கேட்டுச்சு, நீங்கல்லாம் எப்போ வந்து இங்க ஆக்கிரமிப்பு பண்ணீங்கன்னு. சிரிச்சிக்கினேதான் கேட்டுச்சு. எனுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்கப்பன் சித்தாளு வேலைக்கு வந்து குடிசை போட்டான்னு சொன்னா அது சரிதான்னு ஆவாதா? அதான், துரை குடுத்தாருன்னேன். வாயில அப்டியே வந்துச்சு. எல்லாம் கை தட்னாங்க. வூட்டுக்கு வந்து ஒனுக்கும் சொன்னேன். நீ அன்னிக்கு சோறு துன்னாம கேட்டுக்கினு இருந்த."

கயல் அந்தக் கதையைப் பிறந்ததிலிருந்து கேட்டு வருவதாக நினைத்திருந்தாள். பத்து வயதில்தான் முதலில் கேட்டிருக்கிறாள். ஞாபகம் இருக்கிறதே, அது ஆட்டோ மீட்டர் மாதிரி. பார்க்காத நேரத்தில் தானாக ஏறிவிடும்.

"அப்போ அந்தக் கல்லு?" என்றாள்.

அடுப்படியில் இருந்த வசந்தி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அது என் கல்லு. கல்யாணமான புதுசுல தொவைக்க ஒரு கல்லு இல்லன்னு அழுதேன். ஆத்துக்கர கட்ற வேலைல மிச்சம் கெடந்துச்சு. உங்கப்பன் கூட்டாளிங்களோட உருட்டிக்கினு வந்து போட்டாரு. இத்த போயி துரை தலைல கட்டிட்டாரு. நான் எத்தினி தபா இவர பாத்தேன், ஒரு தபாவாவது என் பேர சொல்வாரான்னு."

பக்கிரிக்கு வயது ஐம்பது தாண்டியாகிவிட்டது. இருந்தாலும் கல்யாணமான புதுசு போலத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

நியாயமாகப் பார்த்தால் கயலுக்கு இது இனிக்க வேண்டும். இனிக்கத்தான் செய்தது, ஆனால் கூடவே ஒரு கசப்பும். துரை போய்விட்டால் அந்தக் காகிதத்துச் சொல்லுக்கு யார் பதில் சொல்வது? ஆய்வேட்டை அப்படியே கொடுத்தால் மேடம் கையெழுத்துப் போட்டுவிடுவார். துரை கதை கற்பனை என்று தெரிந்தவர்கள் இந்த மூன்று பேர்தான். அதிலும் ஒருவர் அப்பளம் கேட்டே தப்பித்துக்கொள்வார். இரண்டு நாள் காலையில் பாலத்தின் மேல் எல்லோரும் திரும்பியபோது அவள் மட்டும் திரும்பவில்லை. வசந்தி அதைக் கவனித்தாள். அம்மாக்கள் கவனிக்காதது எது?

மூன்றாம் நாள் கயல் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் பஸ் ஏறினாள். அம்மா சொன்னது அழகாக இருக்கிறது. அப்பா சொன்னதும் அழகாகத்தானே இருந்தது? அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு முறை நம்பியாயிற்று. அப்பாவின் பழைய கூட்டாளி மெஹபூப் பாஷா அங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா சொன்னதைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. படகுத்தோட்டத்து வாசலில் ஒரு கல் கிடந்ததே, அது என்ன கல் மாமா என்று மட்டும் கேட்டாள்.

பாஷா இடது கால் செருப்பைக் கழற்றினார். கட்டைவிரலில் நகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய வடு.

"இன்னா கல்லா? உங்கப்பன் கல்யாணத்துக்கு எல்லாரும் மொய் எழுதினாங்க, நான் நகத்த எழுதினேன்" என்றார். "பொண்டாட்டி தொவைக்கணுமாம். நாலு பேரு உருட்டுறோம், இவன் மட்டும் பின்னால நின்னுக்கினு, மெதுவா மெதுவா, கல்லு ஒடஞ்சிரப் போவுதுன்றான். என் காலு ஒடஞ்சது அவன் கண்ணுக்குத் தெரியல."

கயல் பட்டறை வாசலிலேயே சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள் என்றும் பக்கத்து டீக்கடையில் பேச்சு. பாஷாவே அதைச் சொல்லவில்லை என்பதால் விட்டுவிடலாம்.

இன்னொன்றும் பாஷா செய்தார். பட்டறைப் பெட்டியில் வைத்திருந்த தன் அம்மாவின் பழைய ரேஷன் அட்டையை எடுத்துக் காட்டினார். எண்பத்தாறாம் வருஷத்து அட்டை. முகவரி என்ற இடத்தில் கதவு எண், படகுத்தோட்டம், அடையாறு என்று முத்திரைக்குக் கீழே கையால் எழுதியிருந்தது. கயல் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெரும்பாக்கத்தில் பிளாக் பிளாக்காக ஏறி இறங்கினாள். ஒரு வாரத்தில் இருபத்தோரு அட்டை சேர்ந்தது. மஞ்சள் படிந்தது, ஓரம் கரைந்தது, சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. எண்ணெய்க் கறைக்கு நடுவே ஒவ்வொன்றிலும் ஒரு கதவு எண். துரை ஒரு கல்லும் கொடுக்கவில்லை. ஆனால் சர்க்கார் கதவு எண் கொடுத்திருக்கிறது, அதுவும் மை போட்டு.

சமர்ப்பிக்க நான்கு நாள் இருக்கும்போது முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதிக்கொண்டு வைதேகியின் அறைக்குப் போனாள். வைதேகி படித்தார். ஒரு பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கத்தில் அவருடைய கட்டுரையும் இருந்தது, அது எங்கிருந்து எடுத்தது என்பதும் இருந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். மரியாதையாக எழுதினால் வலி குறைந்துவிடுமா?

"இதை இப்படியே போடணுமா கயல்?" என்றார் வைதேகி. "மூணு இடத்துல இருக்கேன்னுதானே நானும் நம்பினேன்."

"மூணு இடத்துல இருந்துச்சு மேடம். ஆனா மூணு சாட்சி இல்ல. எங்க அப்பா ஒருத்தர் வாய்தான் மூணு இடத்துல பேசியிருக்கு. அவர் சொன்னதை சைட்டுல போட்டாங்க, சைட்டைப் பார்த்து நீங்க எழுதினீங்க, உங்களைக் காட்டி சைட்டு தன்னை நிரூபிச்சுக்கிச்சு. நான் அது மூணையும் காட்டி அப்பாவை நிரூபிக்கப் பார்த்தேன். முதல்ல சொன்னவருக்கு எப்படித் தெரியும்னு யாருமே கேக்கல. எனக்கும் கேக்க மனசில்ல மேடம். அது உண்மையா இருக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை."

வைதேகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்ப மறுத்தது. அது கிளம்பிப் போனதும் கையெழுத்துப் போட்டார். அன்றே அந்தப் பத்திரிகைக்கு, தன் கட்டுரையில் இன்ன பத்தி ஆதாரமில்லாதது, விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்று கடிதம் அனுப்பினார். தன் தவற்றைத் தானே மேற்கோள் காட்டிய முதல் தடவை அது. சித்தார்த்தனும் பக்கத்தை மாற்றினார். மேலே படத்தை அப்படியே விட்டு, கீழே 'வசந்தியின் துவைகல்' என்று போட்டார். அந்தப் பக்கத்தை முன்னைவிட அதிகம் பேர் பார்க்கிறார்களாம்.

பக்கிரிதான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். துரை போனதில் அவருக்குத் துக்கம். ஆய்வேட்டின் கடைசியில் உள்ள ஆதாரப் பட்டியலில் 'பக்கிரி, ஆட்டோ ஓட்டுநர், நேர்ப்பேச்சு. முன்பு சொன்ன கதையைத் தானே புனைந்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்' என்று கயல் படித்துக் காட்டினாள். என் பேரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

போன மாதம் பெரும்பாக்கம் பிளாக்குகளில் ஒரு சேதி பரவியது. படகுத்தோட்டத்துக்காரர்களுக்கு ஆற்றங்கரையிலேயே மறுபடி இடம் கொடுக்கப் போகிறார்கள், பட்டியல் தயாராகிறது என்று வாட்ஸப்பில் வந்தது. வந்த அரை மணியில் கீழே கூட்டம். முருங்கை மரத்துக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவர் பழைய வீட்டுச் சாவியைக் கொண்டு வந்துவிட்டார், கதவே இல்லாத வீட்டின் சாவி. நாலு குரூப்பில் வந்திருக்கிறது, பொய்யாக இருக்குமா என்று கேட்டார்கள். பக்கிரி ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து போனை வாங்கிப் படித்தார். ஒரு தடவை. இரண்டு தடவை. அங்கே நின்றவர்களில் அந்தச் சேதி நிஜமாக வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. மூன்றாம் தடவை படிக்கும்போது அவர் உதடு அசைந்தது.

பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாலு குரூப்புல வந்தா நாலு சேதி இல்ல நைனா" என்றார். "ஒரே வாயி நாலு தபா பேசிக்கினு கீது. மொதல்ல சொன்னவன் யாரு, அவனுக்கு எப்டித் தெரியும், அத்தக் கேளு. நம்ம மனசுக்குப் புடிச்ச சேதின்னா இன்னும் ரெண்டு தபா சேத்துக் கேளு. நான் ஒரு துரைய வச்சி பத்து வருஷம் ஊர ஏமாத்தினவன், சொல்றேன்."

கேட்டுப் பார்த்தார்கள். முதலில் சொன்னவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கூட்டம் கலைந்தது. சாவிக்காரர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பஸ்ஸில் பக்கிரியும் இருந்தார். ஆட்டோ பழுது பார்க்க விட்டிருந்தது. பாலம் வந்ததும் எல்லாக் கழுத்தும் திரும்பியது. கயலுடையதும் திரும்பியது.

"என் கல்லு எத்தினாவது பக்கத்துல கீது?" என்று கேட்டாள் வசந்தி.

"ஒன்பதாவது பக்கம்மா."

வசந்தி தலையாட்டிக்கொண்டாள். பக்கிரி நாணலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாலம் இறங்கிய பிறகும் அவர் கழுத்து நேராகவில்லை.